பெட்டிக்குள் பாம்பு, மண்ணுக்குள் கிழங்கு

தாயின் குடிசைச் சுவரில் கிடந்த மலைப்பாம்பை ஒரு சிறுவன் குச்சியால் தள்ளிக் கீழே விழவைக்கிறான். பாம்பைக் கொல்லத் துணியாதவன் இன்னும் முழுக் கிறிஸ்தவன் ஆகவில்லை என்று மிஷன் உபதேசியார் சொல்லியிருந்தார். ஆனால் தலையை நசுக்கக் கை வரவில்லை. யாரோ வருவதுபோல் சத்தம் கேட்கிறது. பதற்றத்தில் பாம்பை அள்ளித் தன் மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறான். பூட்டியதும் மனதுக்குள் பெரிய நிம்மதி. காற்றில்லாமல் அது தானாகவே செத்துப்போகும். சாவுக்குக் காரணம் தான்தான், ஆனால் கொன்றது தான் இல்லை.

சினுவா அச்செபெ 1964இல் வெளியிட்ட 'ஆரோ ஆஃப் காட்' நாவலில் வரும் காட்சி இது. தமிழில் 'கடவுளின் அம்பு' என்று வைத்துக்கொள்ளலாம். அச்செபெ என்றதும் நம் வாசகர்களுக்கு அவருடைய முதல் நாவல்தான் நினைவுக்கு வரும். 1958இல் வந்த அந்த நூலை என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். 'கடவுளின் அம்பு' அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் தன் நாவல்களில் மறுபடி எடுத்து உட்கார்ந்து படிக்கக்கூடியது இதுவாகத்தான் இருக்கும் என்று 1974 திருத்தப் பதிப்பின் முன்னுரையில் அச்செபெயே குறிப்பிட்டார். நானும் அந்தக் கட்சிதான். காலனியத்தைப் பற்றிய நாவல்களில், ஒரு மனிதன் எடுக்கும் முடிவு எப்படி அவன் விதியாக முற்றுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக, முடிச்சு முடிச்சாகக் காட்டிய இன்னொன்றை நான் படித்ததில்லை.

கதை நடப்பது கிழக்கு நைஜீரியாவின் இக்போ நாட்டில், 1920களின் தொடக்கத்தில். உமுவாரோ என்பது ஆறு கிராமங்களின் கூட்டு. அடிமை பிடிக்க வந்த அபாம் கொள்ளையர்களுக்குப் பயந்து அந்த ஆறு கிராமங்களும் ஒன்றுசேர்ந்தன. தங்களுக்குப் பொதுவாக உலு என்ற தெய்வத்தை உண்டாக்கிக்கொண்டன. மக்கள் உண்டாக்கிய தெய்வம் என்பதை யாரும் மறைப்பதில்லை. வேறோர் ஊரில் கைவிட்ட தெய்வத்தை எல்லைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கொளுத்திய கதையும் அவர்கள் நினைவில் இருக்கிறது. உலுவின் தலைமைப் பூசாரி எசெயூலு. வயதானவர், நெட்டையானவர், கண் மங்கத் தொடங்கியிருப்பதை ஒப்புக்கொள்ளாதவர். பிறை தெரிந்ததும் அறிவிப்பது அவர் வேலை. ஒவ்வொரு பிறைக்கும் புனிதக் கிழங்கு ஒன்றைச் சுட்டுச் சாப்பிடுவார். ஆண்டு தொடங்கும்போது பன்னிரண்டு கிழங்கு இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் மிஞ்சும்போதுதான் புதுக்கிழங்கு விழாவுக்கு நாள் குறிப்பார். அந்த விழா முடிந்தால்தான் ஊரார் வயலில் கிழங்கைத் தோண்டலாம். கிழங்கு என்றால் நம்மூர் சர்க்கரைவள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. இது காவள்ளி, ராசவள்ளி இனத்துக் கொடிக்கிழங்கு. அங்கே சோறும் அதுதான், சொத்தும் அதுதான், ஆண்மையின் அளவுகோலும் அதுதான்.

நாவலின் முதல் அத்தியாயத்திலேயே எசெயூலு பிறை பார்த்துவிட்டு ஒரு கேள்வியில் போய் நிற்கிறார். நாள் குறிக்க மாட்டேன் என்று தன்னால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் இந்த அதிகாரத்துக்கு என்ன அர்த்தம்? ஆட்டுக்குட்டியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் சிறுபிள்ளையின் உரிமை மாதிரிதானே இது? அந்த எண்ணத்தையே அவர் வெறுக்கிறார், ஆனால் விட முடியவில்லை. பின்னால் நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் விதை இந்தத் தனிமையான கேள்விதான். இதை அவர் மனதில் விதைத்தது வெள்ளைக்காரன் இல்லை. அவன் வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது.

முதல் முடிவு நேர்மையானது. பக்கத்து ஊரான ஒக்பேரியுடன் ஒரு நிலத்துக்காகச் சண்டை மூளப்போகிறது. அந்த நிலம் ஒக்பேரிக்குச் சொந்தம் என்று தன் தகப்பன் சொன்னதைச் சபையில் எசெயூலு சொல்கிறார். பணக்காரனும் வாய்வீச்சுக்காரனுமான நுவாக்கா கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறான். போரா சமாதானமா என்று கேட்டுவர அக்குக்காலியாவை அனுப்புகிறார்கள். அவன் தாய் ஒக்பேரிக்காரி என்பதால் அது பொருத்தமாகத் தோன்றியது. அங்கே எபோ என்பவன் அவனுடைய ஆண்மைக்குறையைக் குத்திக்காட்டிப் பேசுகிறான். வெறிபிடித்த அக்குக்காலியா எபோவின் வீட்டுக்குள் ஓடி, ஒரு மனிதனின் பலம் முழுவதும் குடிகொண்டிருப்பதாகக் கருதப்படும் அவனுடைய இக்கெங்கா மரச்சிலையை இரண்டாகப் பிளக்கிறான். எபோ துப்பாக்கியால் சுடுகிறான். போர் வருகிறது. மாவட்ட அதிகாரி கேப்டன் விண்டர்பாட்டம் படையோடு வந்து சண்டையை நிறுத்தி, துப்பாக்கிகளை எல்லோர் கண்முன்னாலும் உடைக்கிறார். நிலம் யாருடையது என்று விசாரித்தபோது சொந்த ஊருக்கு எதிராக உண்மை சொன்ன ஒரே மனிதர் எசெயூலு. தீர்ப்பு ஒக்பேரிக்கு.

அன்றிலிருந்து எசெயூலு இரண்டு பேராகிவிடுகிறார். ஊருக்கு அவர் வெள்ளையனின் நண்பர். விண்டர்பாட்டத்துக்கு அவர் கறுப்பர்களிடையே கிடைத்த ஒரே நேர்மையாளர். இரண்டு பார்வையும் தவறு. தான் செய்தது தகப்பன் சொல்லைக் காப்பாற்றியதுதான் என்பது அவர் எண்ணம். சொன்னது உண்மைதான், ஆனால் அதைக் கேட்ட இடம் மாறிவிட்டது. உமுவாரோவின் மன்றத்தில் அது ஒரு பெரியவரின் கருத்து. வெள்ளை அதிகாரியின் விசாரணையில் அதுவே ஒரு தீர்ப்பின் ஆதாரம். காலனிய ஆட்சி ஒரு மனிதனிடமிருந்து தேர்வைப் பறிப்பதைவிட, அவன் தேர்ந்தெடுத்ததற்கு அவன் நினைத்திராத விலையைப் போட்டுவிடுகிறது. நாவல் முழுவதும் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு மனிதர்களை வைத்துக் காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

இங்கே கொஞ்சம் வரலாறு வேண்டும். 1914இல் லுகார்ட் வட, தென் நைஜீரியாக்களை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தார். வடக்கில் அமீர்கள் இருந்தார்கள். அவர்கள் வழியாக ஆள்வது எளிதாக இருந்தது. மறைமுக ஆட்சி என்று அதற்குப் பெயர். இக்போ மக்களில் பெரும்பாலோருக்கு அரசரே கிடையாது, ஊர்மன்றம்தான் எல்லாம். அரசர் இல்லாத இடத்தில் அரசரைத் தயாரிக்க வேண்டியிருந்தது. வாரண்ட் என்ற அரசாங்கத் தாளைக் கொடுத்து யாரோ ஒருவரைத் தலைவராக்கினார்கள். அவர்களுக்கு 'வாரண்ட் தலைவர்கள்' என்றே பெயர். நாவலில் வரும் ஒக்பேரி இக்கெடி அப்படிப்பட்டவன். மிஷன் பள்ளியில் படித்தவன். சாலை போடும் மேற்பார்வையாளனோடு சேர்ந்து, காசு தராவிட்டால் வீட்டை இடித்துவிடுவோம் என்று ஊரை மிரட்டியவன். கடைசியில் தன்னை ராஜா என்றே அறிவித்துக்கொண்டவன். இந்தத் திட்டம் கேடு என்று விண்டர்பாட்டத்துக்கே தெரியும். எதிர்க்கிறார், சலிக்கிறார், கடைசியில் மேலிடத்துக் கட்டளைக்குப் பணிகிறார். பணிந்த பிறகு, கேட்டைக் குறைக்க ஒரு நல்ல ஆளைத் தேடுகிறார். அவர் நினைவுக்கு வருவது அன்று உண்மை சொன்ன அந்தப் பூசாரி.

நேர்மையாகச் சொன்ன ஒரு சாட்சி இப்படித்தான் சிறைவாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. எசெயூலுவை அழைத்துவரச் சேவகன் வருகிறான். உலுவின் பூசாரி ஊரை விட்டு நகர்வதில்லை என்று சொல்லியனுப்புகிறார். கோபத்தில் விண்டர்பாட்டம் கைது ஆணை பிறப்பிக்கிறார். அன்றே காய்ச்சலில் விழுகிறார். அது பூசாரியின் மந்திரம் என்று அரசாங்க மேட்டில் இருக்கும் கறுப்பு ஊழியர்கள் நடுங்குகிறார்கள். பொறுப்பு இளம் உதவி அதிகாரி கிளார்க்கின் கைக்கு வருகிறது. தலைவர் பதவியைத் தருகிறேன் என்கிறார் கிளார்க். உலுவுக்கன்றி வேறு யாருக்கும் தான் தலைவனாக இருக்க முடியாது என்று எசெயூலு மறுக்கிறார். உள்ளே தள்ளுகிறார்கள்.

கிளார்க்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவன் கெட்டவன் இல்லை. சாலை போடும் ரைட் தொழிலாளிகளைச் சாட்டையால் அடிக்கிறானா என்று விசாரித்துவரும்படி அவனைத்தான் முன்பு அனுப்பினார்கள். ரைட் உண்மையில் அடித்தவன். அடிபட்டவர்களில் எசெயூலுவின் மகன் ஒபிக்காவும் ஒருவன். கிளார்க் போனான், ரைட்டோடு சேர்ந்து குடித்தான், அவனைப் பிடித்துப்போயிற்று, விசாரிக்க மறந்துவிட்டான். திரும்பிவந்து அந்தப் புகார்களில் உண்மையில்லை என்று அறிக்கை எழுதினான். அறிக்கையில் அவன் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். இப்போது எசெயூலுவை அடைத்துவைத்துவிட்டு, என்ன குற்றத்துக்காக என்று எழுதத் தெரியாமல் மனசாட்சி குத்துகிறது. நிர்வாகத்தோடு ஒத்துழைக்க மறுத்தல் என்ற தொடர் நோயாளியான விண்டர்பாட்டத்தின் வாயிலிருந்து கிடைத்ததும் அவனுக்கு மூச்சு வருகிறது. ஒரு கிழவரின் காலம் அந்த ஒற்றைத் தொடருக்குள் அடைக்கப்படுகிறது. பெட்டியைப் பூட்டியதும் அந்தச் சிறுவனுக்கு, எசெயூலுவின் மகன் ஒடூச்சேக்கு, வந்த நிம்மதிக்கும் கிளார்க்கின் நிம்மதிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எசெயூலு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஒக்பேரியில் கிடக்கிறார். அதற்குள் இரண்டு பிறை உதித்துவிடுகிறது. அவை உமுவாரோவின் வானத்தில் அவர் பார்த்த பிறைகள் அல்ல. வீட்டுப் பரணில் கிழங்குகள் தின்னப்படாமல் கிடக்கின்றன.

விடுதலையாகி மழையில் நனைந்துகொண்டே வீடு திரும்புகிறார். நாவலின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. தன்னைக் கைவிட்ட ஊரைப் பழிவாங்கும் எண்ணம் வழியெல்லாம் வளர்கிறது. ஆனால் வீடு சேர்ந்த பின் ஊர் அவரைப் பார்க்க வருகிறது. எதிரிகளின் கிராமத்திலிருந்தும் வருகிறார்கள், பரிசு கொண்டுவருகிறார்கள், பிள்ளைகள் காலடியில் விளையாடுகிறார்கள். மனம் இளகுகிறது. தனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இவர்களில் எத்தனை பேர் என்று யோசிக்கிறார். அப்போதுதான் காதருகே உலுவின் குரல் இடிபோல் இறங்குகிறது: இதை உன் சண்டை என்று யார் சொன்னது? இது எனக்கும் மலைப்பாம்பின் தெய்வமான இடெமிலிக்கும் இடையில் நடப்பது; நீ என் வில்லில் பூட்டிய அம்பு மட்டுமே. இளகிய மனதை எசெயூலு மறுபடி கட்டிக்கொள்கிறார்.

குரல் உண்மையா? அச்செபெ ஒருபோதும் பதில் சொல்வதில்லை. முதல் வாசிப்பில் எனக்கு எசெயூலுமேல் கோபம்தான் வந்தது. தன் ஆத்திரத்துக்குத் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்ட ஆள் என்று தோன்றியது. விமர்சகர்களில் பலரும் இதை ஆணவத்தின் வீழ்ச்சியாகவே வாசிக்கிறார்கள். பிறகு படித்தபோது அவ்வளவு எளிதாக முடிக்க மனம் வரவில்லை. இக்போ நம்பிக்கையில் ஒவ்வொருவருக்கும் 'சி' என்றொரு தனித் தெய்வம் உண்டு. பிறப்பதற்கு முன்பே அதோடு பேசித் தன் வாழ்வை ஒருவன் முடிவு செய்துகொண்டு வருகிறான். ஆனால் அவன் உறுதியாக ஆம் என்றால் அவனுடைய சியும் ஆம் என்று ஒப்புக்கொள்ளும் என்பதும் அதே மக்களின் சொல். இரண்டையும் சேர்த்தே நம்புகிறார்கள். நம்முடைய ஊழ் என்ற சொல்லோடு பழகிய ஒருவர் இதைப் படிக்கும்போது கொஞ்சம் தடுமாறுவார். ஊழ் நம்மைத் தேடி வருகிறது. சியோடு பேரம் பேசலாம். எசெயூலுவின் குழப்பமே இந்தப் பேரத்தில் யார் பேசுகிறார் என்று தெரியாமல் போவதுதான். முதல் அத்தியாயத்தில் நாள் குறிக்க மறுக்க முடியுமா என்று கேட்டவர் அவர். இப்போது மறுக்கச் சொல்லும் குரல் தெய்வத்துடையது என்றால், தன் கேள்விக்கு விடை தேட அவருக்கு இனி அனுமதி தேவையில்லை.

விழா நாள் நெருங்கியும் அறிவிப்பு இல்லை. உதவியாளர்கள் வந்து கேட்கிறார்கள். மீதி மூன்று கிழங்கு இருக்கிறது, ஒன்று மட்டும் மிஞ்சும்வரை நாள் குறிக்க முடியாது என்கிறார். பிறகு பட்டம் பெற்ற பெரியவர்கள் பத்துப் பேர் வருகிறார்கள். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர்கள் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. மீதிக் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு நாளைச் சொல் என்கிறார்கள். அது தீட்டு என்று எசெயூலு சொல்லும்போது, அந்தப் பாவம் எங்கள் பத்துப் பேர் தலையில் விழட்டும், நீ விடுபட்டாய் என்கிறார்கள். இந்த நாவலில் தன் முடிவின் விளைவைத் தானே சுமக்கிறேன் என்று வாய் திறந்து சொல்பவர்கள் அவர்கள் மட்டும்தான். உலுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எசெயூலு கோயிலுக்குள் போகிறார். சோழிகளைப் பரப்பும்போது கிறிஸ்தவர்களின் மணியோசை கேட்கிறது. இவ்வளவு அருகில் கேட்கிறதே என்று ஒரு கணம் நினைக்கிறார். வெளியே வந்து முடியாது என்கிறார்.

அவர் ஊரை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. யாரையும் சபிக்கவில்லை. மூன்று கிழங்கைத் தின்னாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். மழை நின்று மண் இறுகி, முற்றிய கிழங்கு நிலத்துக்குள்ளேயே கெட்டுப்போகிறது. பழைய கிழங்கு கையிருப்பில் உள்ள பணக்காரன் தாக்குப்பிடிக்கிறான். இல்லாதவன் வீட்டில் பசி. எசெயூலுவின் வீட்டிலும் பசிதான், அதற்காக அவர் விலக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மகன் பாம்பைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். தகப்பன் ஆறு கிராமங்களின் அறுவடையை மண்ணுக்குள் போட்டுப் பூட்டினார். காரணமாக இருந்தும் கொன்றவனாக இராமல் தப்பிக்கும் வழியை இருவருமே கண்டுபிடித்தார்கள்.

ஒடூச்சேயை மிஷனுக்கு அனுப்பியதும் எசெயூலுவின் சொந்த முடிவுதான். அங்கே எனக்கு ஒரு கண் வேண்டும், நல்லது இருந்தால் என் பங்கைக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார். நண்பர் அக்குயெபுவே அதைத் தட்டிக் கேட்கும்போது வேறொரு காரணம் வெளியே வருகிறது. முன்பு கண்டிராத நோய் வந்தால் முன்பு கொடுத்திராத பலியைக் கொடுக்க வேண்டும் என்கிறார். மகன் கண்ணா, பலியா? அவருக்கே தெளிவில்லை. பெட்டி அசைவதைக் கண்டு வீடே கூடுகிறது. எசெயூலு பெட்டியை உடைத்துத் திறக்கிறார். பாம்பு உயிரோடு வெளியேறுகிறது. கூட்டத்தில் யாரும் அவரோடு பேசாமல் கலைகிறார்கள். தீட்டுக் கழிக்க என்ன செய்யப்போகிறாய் என்று இடெமிலியின் பூசாரி கேட்டனுப்பியபோது கெட்ட வார்த்தையில் பதில் போகிறது. அந்த வார்த்தையையும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒபிக்காவின் சாவு இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி. ஊரில் ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கு. இரவு ஓடும் ஆவியாக முகமூடி பூண்டு ஊரைச் சுற்றி ஓட ஒபிக்காவைக் கூப்பிடுகிறார்கள். அவனுக்குக் காய்ச்சல். முதலில் மறுக்கிறான். பிறகு யோசிக்கிறான்: மறுத்தால், எசெயூலுவின் குடும்பம் இந்தச் சடங்கை இரண்டாம் முறை கெடுத்துவிட்டது என்று பேசுவார்கள். ஓடுகிறான். வேகமாக ஓடித் திரும்பி வந்ததும் விழுந்து செத்துப்போகிறான். தகப்பனின் பிடிவாதத்துக்கு மகன் கட்டிய வட்டி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த இளைஞன் ஓடியது தகப்பனின் பெயரைக் காப்பாற்றத்தான். அழகும் குடியும் முரட்டுத்தனமுமாக நாவல் முழுவதும் வந்தவன், ஊருக்காகப் பொறுப்போடு எடுத்த முடிவில் செத்துப்போகிறான். எசெயூலுவின் புத்தி அத்தோடு சிதறுகிறது.

பதவியை மறுத்தவரின் கதை இது. ஏற்றுக்கொண்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1929 நவம்பரில், கிழக்கு நைஜீரியாவின் ஒலோக்கோவில், ஒரு வாரண்ட் தலைவரின் ஆள் ஒரு பெண்ணிடம் ஆடுமாட்டுக் கணக்குக் கேட்டான். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு வாரண்ட் தலைவர்களின் வீடுகளை முற்றுகையிட்டு, அதிகாரத்தின் அடையாளமான தொப்பிகளைப் பிடுங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். வாரண்ட் தலைவர் முறையை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. அச்செபெ பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1930இல், ஒகிடியில். தகப்பனார் சி.எம்.எஸ். என்ற மிஷன் சபையின் உபதேசியார். ஒடூச்சே போன பக்கத்தில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர், எசெயூலுவின் பக்கத்திலிருந்து கதையைச் சொன்னார் என்பதை நான் எப்போதும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சபைதான் கடைசியில் கதவைத் திறக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அதே சி.எம்.எஸ். அங்கும் வேலை செய்தது, அறுப்பின் பண்டிகை என்ற பெயரும் அவர்கள் வாயில் இன்றும் இருக்கிறது. உபதேசியார் குட்கண்ட்ரி தன் சபையில் அறுப்பின் பண்டிகை வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஊரின் நெருக்கடியைக் கேள்விப்பட்டதும் ஓர் அறிவிப்புச் செய்கிறார்: உலுவுக்குப் பயந்தவர்கள் கிழங்கைக் கோயிலுக்குக் கொண்டுவரட்டும், பிறகு தைரியமாக அறுவடை செய்துகொள்ளலாம், கிறிஸ்துவின் தேவன் காப்பார்.

உமுவாரோவின் ஆண்கள் தாங்களே போகவில்லை. பெரும்பாலோர் ஒரு மகனைக் கூப்பிட்டு, கையில் ஒன்றிரண்டு கிழங்கைக் கொடுத்து, அந்தக் கோயிலில் வைத்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எசெயூலு தன் மகனை இதே திசையில் அனுப்பியபோது அதைச் சொல்லிச் சொல்லி அவரை ஏசியவர்கள் அவர்கள்.